படகுகள் கட்டிக் கிடக்கும் மாதங்களில்: குமரித் துறைமுகங்களில் கோடைப் பறவை பார்க்க ஒரு வழிகாட்டி

பறவை பார்க்கத் தொடங்க வேண்டும் என்று யார் கேட்டாலும் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "ஜனவரியில் மணக்குடிக்குப் போங்கள், வலசைப் பறவைகள் வந்திருக்கும்." நானும் அப்படித்தான் தொடங்கினேன். தொடங்கிய அன்றே ஏறக்குறைய விட்டும்விட்டேன். காயல் ஓரத்துச் சேற்றில் சின்னச் சின்னதாகச் சாம்பல் நிறப் பறவைகள் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற அனுபவசாலி ஒருவர், அவற்றில் ஏழு இனங்கள் இருப்பதாகச் சொன்னார். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே பறவை. அதுவும் ஒரு நிமிடம் நிற்காத பறவை.

ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்லும் யோசனை வேறு. கோடையில் தொடங்குங்கள், துறைமுகத்தில் தொடங்குங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை முடியும்வரை குமரி மாவட்டத் துறைமுகங்களில் பறவை இனங்கள் குறைவுதான். ஆனால் இருப்பவை பெரியவை, மனிதர்களுக்குப் பழகியவை, ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காருபவை. ஊருக்குக் கிளம்பத் தாமதித்த வலசைப் பறவைகள்கூட அந்த நேரத்தில் சாம்பல் சட்டையைக் கழற்றிவிட்டு இனப்பெருக்கக் காலத்து வண்ணத்தில் நிற்கும். பத்து இனங்களை ஐயமில்லாமல் தெரிந்துகொண்டு ஜனவரிக்குப் போனால், மணக்குடிச் சேறு அவ்வளவு பயமுறுத்தாது.

முதலில் தடைக்காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

துறைமுகப் பறவைக்கு விசைப்படகுதான் பஞ்சாங்கம். படகு மீனோடு வந்தால் பருந்தும் காகமும் கொக்கும் கூடும். படகு கட்டிக் கிடந்தால் அவை வேறு பிழைப்பைத் தேடிப் போகும். அந்த இடத்தில் ஓய்வெடுக்க வேறு பறவைகள் வந்து உட்காரும்.

மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 61 நாள் தடை உண்டு. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்தில் இரண்டு கணக்கும் நடக்கிறது. கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருகிறது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மூன்றும் மேற்குக் கரைக் கணக்கு. ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடற்கரைக்குள் ஒரு துறைமுகம் தூங்கும்போது இன்னொன்று விழித்திருக்கும்.

இதை வைத்தே பயணத்தைத் திட்டமிடலாம். மே மாதம் முடியும்வரை சின்னமுட்டம் தூங்குகிறது, குளச்சல் விழித்திருக்கிறது. ஜூன் 15-க்குப் பிறகு கணக்கு தலைகீழ். இடையில் ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு பக்கமும் விசைப்படகு ஓடாது. அந்த இரண்டு வாரமும் துறைமுகத்தை விட்டுவிட்டு, வள்ளங்கள் எனப்படும் சிறு நாட்டுப் படகுகள் கரையேறும் ஊர்களுக்குப் போங்கள். வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் தடை இல்லை. கடியப்பட்டணம், பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை போன்ற கரைகளில் காலை ஏழு மணிக்குமேல் சாளையும் நெத்தலியும் மணலில் விழும்போது மாவட்டத்துப் பருந்தெல்லாம் அங்கேதானோ என்று தோன்றும்.

முதல் பயணம் தூங்கும் துறைமுகத்துக்காக இருக்கட்டும். விழித்திருக்கும் துறைமுகத்தில் ஏலச் சத்தமும் ஐஸ் வண்டியும் மீன்கூடையும் உங்களை நிற்க விடாது. பறவைகளும் பறந்துகொண்டே இருக்கும். கட்டிக் கிடக்கும் படகுகளின் கூரையில், கொடிக்கம்பத்தில், நங்கூரக் கயிற்றில் பறவைகள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு பறவையைப் பத்து நிமிடம் பார்க்கலாம். பழகுவதற்கு அதைவிட என்ன வேண்டும்?

ஒரு சின்ன எச்சரிக்கை. முட்டமும் சின்னமுட்டமும் வேறு வேறு ஊர்கள், வேறு வேறு கரைகள். நண்பர் ஒருவரை மே மாதம் சின்னமுட்டத்துக்கு வரச் சொன்னேன். அவர் "சின்ன"வை என் பேச்சின் கொஞ்சலாக எடுத்துக்கொண்டு முட்டம் பஸ்ஸில் ஏறிவிட்டார். கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றுகொண்டு "படகெல்லாம் ஓடுகிறதே" என்று தொலைபேசியில் கேட்டார். அன்று அவர் பார்த்தது என்னைவிட அதிகம் என்பது வேறு விஷயம்.

காலையா மாலையா

சின்னமுட்டம் கிழக்கே பார்த்த துறைமுகம். காலையில் சூரியன் கடலுக்குமேல் எழும். பறவைகள் எல்லாம் கறுப்பு நிழல்களாகத் தெரியும். சூரிய உதயம் பார்க்கக் கன்னியாகுமரிக்கு வந்தவர்கள் அப்படியே பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு சின்னமுட்டத்துக்கு நடந்து ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே மாலை நான்கு மணிக்குமேல் போங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் கால் நிறம்கூடத் தெரியும்.

குளச்சல், முட்டம் பக்கம் கடல் தென்மேற்கே விரிகிறது. அங்கே காலைதான் சரி. ஆறரைக்குப் போய் ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் மணலிலிருந்தும் கான்கிரீட்டிலிருந்தும் எழும் கானல், தொலைவில் உள்ள பறவையைத் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளிய வைக்கும். நாகர்கோவிலில் தங்கினால் காலையில் குளச்சல், மதியம் தூக்கம், மாலையில் சின்னமுட்டம் என்று ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் இருபது கிலோமீட்டரை ஒட்டிய தூரம்தான், பஸ் தாராளமாக உண்டு.

எடுத்துச் செல்ல வேண்டியவை

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் உள்ளதை வாங்குங்கள். கடையில் 10 மடங்கைக் காட்டி ஆசை காட்டுவார்கள். பெருக்கம் கூடும்போது கை நடுக்கமும் கூடவே பெருகும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் அதே காற்று, மே கடைசியிலிருந்து கடற்கரையிலும் சட்டையைப் பிடித்து இழுக்கும். அந்தக் காற்றில் 10 மடங்கு பைனாகுலரைப் பிடித்தால் கொக்குக்கு இரண்டு தலை தெரியும்.

உப்பைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. குளச்சலில் அலைத்தடுப்புச் சுவர் ஓரம் நின்றபோது ஒரு அலை தெறித்து வில்லை நனைந்தது. தோளில் கிடந்த துண்டால் அவசரமாகத் துடைத்தேன். காய்ந்த உப்பும் மணல் துகளும் சேர்ந்து வில்லையில் இழுத்த கோடு இன்றுவரை இருக்கிறது. எந்தப் பறவையைப் பார்த்தாலும் அதன் இடப்பக்கத்தில் மெல்லிய மூடுபனி. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் வாயால் ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் உப்பைக் கரைத்து ஒற்றியெடுங்கள். துடைப்பது கடைசியில்தான். வீட்டுக்கு வந்ததும் பைனாகுலரின் வெளிப்பாகத்தையும் ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றிவிடுங்கள்.

தாடைக்கடியில் கட்டும் கயிறு உள்ள தொப்பி, பிடிப்பு உள்ள செருப்பு, ஒரு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், பென்சில், சின்ன நோட்டு. கேமரா முதல் இரண்டு மாதம் வீட்டிலேயே இருக்கட்டும். கேமராவை வைத்திருப்பவர் படம் எடுத்ததும் நடந்துவிடுகிறார், பறவையைப் பார்ப்பதில்லை. வழியில் நுங்கு கிடைக்கும் மாதம் இது, அக்கானியும் (பதநீர்) சில இடங்களில் உண்டு. தண்ணீர் தீர்ந்தாலும் பரவாயில்லை என்று சொல்லவில்லை; ஆனால் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.

கேட்டுவிட்டு உள்ளே போங்கள்

துறைமுகம் பொழுதுபோக்கும் இடமன்று, வேலை நடக்கும் இடம். நுழைவாயிலில் இருப்பவரிடம் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கடலோரக் காவல் படையினர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். டிரோன் வேண்டவே வேண்டாம். வலையை மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். கேமராவை மனிதர்கள் பக்கம் திருப்பாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகும் 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் இந்த ஊர்கள் வேண்டிய மட்டும் கேமராக்களைப் பார்த்துவிட்டன.

பைனாகுலரோடு நின்றால் கேள்வி நிச்சயம் வரும். சின்னமுட்டத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன மக்களே, சர்வேயா?" என்று கேட்டார். துறைமுகத் திட்டம், மணல் எடுப்பு என்று எதையாவது அளக்க வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய கேள்வி அது. "இல்லை பாட்டா, பறவை பார்க்கிறேன்" என்றேன். "காக்காயைப் பார்க்கவா பஸ் ஏறி வந்தாய்?" என்று சிரித்தார். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு அலைத்தடுப்புச் சுவரின் வளைவைக் காட்டினார். "தண்ணீர் வற்றினால் அந்த மூன்றாவது கல்லில் ஒரு கறுத்த கொக்கு வந்து நிற்கும். வெள்ளைக் கொக்கு மாதிரி இல்லை, ஓடி ஓடிப் பிடிக்கும்." அரைமணி நேரத்தில் அதே கல்லில் அது வந்து நின்றது. அதன் பெயரை நான் சொன்னேன். அது எப்போது வரும் என்பதை அவர் சொன்னார். எது உபயோகம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அன்றிலிருந்து நான் முதலில் கரையில் இருப்பவர்களிடம்தான் விசாரிக்கிறேன்.

முதல் அரைமணி நேரம்

நிழலாக ஒரு சுவர் பார்த்து முதுகு சாய்த்து உட்காருங்கள். பத்து நிமிடம் பைனாகுலரைத் தொடாதீர்கள். வெறும் கண்ணால் துறைமுகத்தைத் துண்டு துண்டாகப் பாருங்கள்: கொடிக்கம்பங்கள், ஏலக் கூடத்தின் கூரை, கயிறுகள், கழிவுநீர் கடலில் சேரும் வாய், சாய்தளம், அலைத்தடுப்புக் கற்கள், கடைசியில் தண்ணீர். எந்த இடத்தில் எந்த அளவுப் பறவை என்று மனதில் ஒரு படம் விழுந்த பிறகு பைனாகுலரை எடுங்கள். பறவையை வெறும் கண்ணால் பிடித்துக்கொண்டு, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பைனாகுலருக்குள் பறவையைத் தேடினால் கிடைக்காது.

முதலில் பருந்துகள்

தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம் என்றால் செம்பருந்து. குழந்தைகூடச் சொல்லிவிடும். தவிட்டு நிறத்தில், வால் நுனி பிளந்த மாதிரி இருந்தால் கரும்பருந்து. சிக்கல் செம்பருந்தின் குஞ்சிடம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் மார்கழி தொடங்கிக் கோடை முற்பகுதிவரை அது கூடு கட்டும் காலம்; கூட்டிலிருந்து வெளிவரும் இளசுகள் தவிட்டு நிறமாகவே இருக்கும். இரண்டு வாரம் அவற்றைக் கரும்பருந்து என்றே என் நோட்டில் எண்ணி வைத்திருந்தேன். வாலைப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாம். செம்பருந்துக்கு, இளசானாலும் கிழமானாலும், வால் விசிறிபோல் உருண்டை. கரும்பருந்து வாலை விரித்தால் நேர்க்கோடு, மடித்தால் பிளவு. நிறத்தை மறந்துவிட்டு வாலை மட்டும் பாருங்கள்.

காகங்களையும் ஒதுக்காதீர்கள். ஏப்ரலுக்குப் பிறகு அவை கூடு கட்டும் காலம். அறுந்த நைலான் கயிறு, துருப்பிடித்த கம்பி, வலைத் துண்டு எல்லாம் கூட்டுக்குள் போகும். பக்கத்துத் தென்னையில் குயில் கத்தினால் எந்தக் கூட்டைக் குறி வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஆண் குயில் காகங்களைத் தன் பின்னால் துரத்த வைத்துவிட்டுப் பெண் குயில் உள்ளே நுழையும் நாடகம், பொறுமை இருந்தால் ஒருநாள் கிடைக்கும்.

கொக்குகள்

கோடையில் கொக்குகள் அடையாளம் சொல்லிக்கொண்டே திரியும். உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகியிருக்கும். மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் மடையானுக்கு முதுகு அரக்குச் சிவப்பாக மாறி, அதே பறவைதானா என்று கேட்க வைக்கும். சின்ன வெள்ளைக் கொக்குக்குப் பிடரியில் இரண்டு நீண்ட இழைகள் தொங்கும். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள்.

பாட்டா காட்டிய கறுத்த கொக்கு, கரைக்கொக்கு. அடர் சாம்பல் உடல், தொண்டை மட்டும் வெள்ளை. இதிலேயே முழு வெள்ளையான வகையும் உண்டு. அங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். வெள்ளைக் கரைக்கொக்கின் அலகு தடித்து, மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். சின்ன வெள்ளைக் கொக்கின் அலகு ஊசிபோல் மெலிந்து கறுத்திருக்கும். நடத்தையும் உதவும். குளத்துக் கொக்கு காத்து நின்று குத்தும். கரைக்கொக்கு அலை பின்வாங்கும்போது ஓடும், இறக்கையை அரைகுறையாக விரிக்கும், திரும்பும், மறுபடி ஓடும்.

ஆலாக்கள்

என்னைக் கேட்டால் கோடைத் துறைமுகத்துக்கு வருவதே ஆலாவுக்காகத்தான். முதலில் ஆலாவையும் கடற்காகத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். கடற்காகம் தடித்த உடம்பு, அகன்ற இறக்கை, தண்ணீரில் வாத்துபோல் உட்கார்ந்து மிதக்கும். ஆலா மெலிந்தது, இறக்கை நீண்டு கூர்மையானது, பெரும்பாலும் வால் பிளந்தது. பறந்துகொண்டே கீழே பார்த்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, தலைகுப்புற விழுந்து மீனோடு எழும். தண்ணீரில் அபூர்வமாகத்தான் உட்காரும்.

பறக்கும் ஆலாவைத் துரத்தாதீர்கள்; உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைத் தேடுங்கள். தூங்கும் துறைமுகத்தில் படகுக் கூரைகளிலும், அலைத்தடுப்புச் சுவரின் கடைசிக் கற்களிலும், கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவின் நுனியிலும் அவை கூடியிருக்கும். காற்று பலமானால் எல்லாம் ஒரே திசையில், காற்றுக்கு முகம் கொடுத்து, பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசைபோல் நிற்கும். அப்போது இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அலகை மட்டும் பாருங்கள்.

தடித்த, எலுமிச்சை மஞ்சள் அலகும், கலைந்த கறுப்புக் கொண்டையும், அலகுக்கும் கொண்டைக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டையும் இருந்தால் பெரிய கொண்டை ஆலா. இதுதான் நம் கரையில் ஆண்டு முழுதும் பார்க்கக் கிடைப்பது. அதே சாயலில் உருவம் சிறுத்து, அலகு ஆரஞ்சு நிறமானால் சின்னக் கொண்டை ஆலா. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நாளில் வேறுபாடு சட்டென்று புரியும். தனியாக நின்றால் எலுமிச்சையா ஆரஞ்சா என்று உங்களோடு நீங்களே சண்டை போடுவீர்கள். மாலை மஞ்சள் வெயிலில் எல்லா அலகும் ஆரஞ்சாகத்தான் தெரியும், ஆகவே ஐந்தரைக்குமேல் தீர்ப்பு எழுதாதீர்கள். கறுத்த அலகின் நுனியை மட்டும் மஞ்சள் சாயத்தில் தொட்டதுபோல் இருந்தால் சாண்ட்விச் ஆலா. அது குளிர்கால விருந்தாளி, ஏப்ரல் வரை சில தங்கும். கூட்டத்தின் நடுவில் மற்றவற்றைக் குள்ளமாக்கிக்கொண்டு, சிவந்த கேரட் போன்ற அலகோடு ஒன்று நின்றால் காஸ்பியன் ஆலா. மைனா அளவே உடம்பு, மஞ்சள் அலகு, நுனி கறுப்பு என்றால் சிற்றாலா. அது மணலில் முட்டையிடும் பறவை. மணல்திட்டில் சிற்றாலா உங்கள் தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றினால், காலடியைப் பார்த்துக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள். உப்புக்கொத்திகளும் அப்படித்தான் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும்.

கடலில் ஆலாக்கள் ஒரே இடத்தில் வட்டமிட்டு விழுந்தால் கீழே மீன்கூட்டம் என்பது மீனவர்களுக்கு வழிவழியாகத் தெரிந்த கணக்கு. வள்ளம் அந்தப் பக்கம் திரும்புவதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊருக்குப் போகாதவை

ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை பழுப்புத்தலைக் கடற்காகங்கள் சில இருக்கும். குளிர்காலத்தில் காதருகே ஒரு கறுப்புப் பொட்டோடு திரிந்தவை, இப்போது சாக்லெட் நிறக் குல்லாயைப் போட்டுக்கொண்டு லடாக், திபெத் ஏரிகளுக்குக் கிளம்பத் தயாராக நிற்கும். அலைத்தடுப்புக் கற்களின் இடுக்குகளில் கல்திருப்பி உள்ளான்கள் செம்பழுப்பும் கறுப்பும் வெள்ளையுமாக மாறியிருக்கும். ஆர்க்டிக் கரைக்குப் போகும் பறவை, போவதற்குமுன் நம் துறைமுகத்து மீன்செதிலைப் புரட்டித் தின்றுகொண்டிருக்கும்.

மே கடைசியிலும் ஜூனிலும் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒன்றிரண்டு கரைப்பறவைகளைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், நோயென்றும் நினைக்க வேண்டாம். கரைப்பறவைகளில் பலவற்றின் முதல் வயதுக் குட்டிகள் முதல் கோடையில் வடக்கே திரும்புவதில்லை. குடும்பம் நடத்தும் வயது வராததால் அவ்வளவு தூரம் பறக்க அவற்றுக்குக் காரணமும் இல்லை.

துறைமுகம் அலுத்தால் மணக்குடி

பழையாறு கடலில் சேரும் இடம் மணக்குடி. 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனது. இப்போதுள்ள புதிய பாலத்தின் நடைபாதைதான் பறவை பார்க்க நல்ல மேடை. பாலத்தின் ஒருபக்கம் காயலும் கண்டல் மரங்களும், மறுபக்கம் பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய். பொழி மணலால் அடைபட்டிருந்தால் காயலில் தண்ணீர் ஏறிச் சேறு மூழ்கிவிடும், பறவை குறையும். பொழி திறந்திருந்தால் சேறு வெளியே வரும், பறவை கூடும். நம் கரையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே வற்றுநேர அட்டவணையைவிட, பொழி திறந்திருக்கிறதா என்று ஊர்க்காரரிடம் கேட்பது உதவும். ஏப்ரலில் இங்கே மீசை ஆலாக்கள் வயிறு கறுத்து, கன்னம் மட்டும் வெள்ளையாக, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும்.

காற்று மிகப் பலமான நாளில் கடற்கரையை விட்டுவிட்டு சுசீந்திரம், தேரூர் குளங்களுக்குப் போகலாம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. நீளவால் இலைக்கோழி வாலை வளர்த்துக்கொள்வது இந்தப் பருவத்தில்தான். தாமரை இலைமேல் அது நடப்பதைப் பார்க்கவே ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கலாம்.

ஆனி ஆடியில் முட்டம்

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் முட்டத்துப் பாறை மேட்டில் ஒரு வேறு விளையாட்டு தொடங்கும். கரையில் நின்றுகொண்டு நடுக்கடல் பறவைகளைப் பார்ப்பது. காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும் காலை வேண்டும், மழை விட்டிருக்க வேண்டும், பொறுமை மிக வேண்டும். பைனாகுலரை அடிவானத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி அசைக்காமல் பிடியுங்கள்; பறவை தானாகக் கடந்து போகும். பெரும்பாலான நாட்களில் ஆலாக்களும் அலையும்தான். என்றாவது மைனாவைவிடச் சிறிய கறுப்புப் பறவை ஒன்று, இடுப்பில் வெள்ளைப் பட்டையோடு, அலைப்பள்ளங்களுக்குள் வௌவால்போல் நுழைந்து நுழைந்து போவது தெரியும். அது வில்சன் புயற்குருவி. அண்டார்டிகா பக்கத்துத் தீவுகளில் முட்டையிட்டு, அங்கே குளிர் முற்றும்போது வடக்கே வருவது. நம் மழைக்காலம் அதற்குக் குளிர் விடுமுறை. ஐந்து ஆண்டுகளில் நான் உறுதியாகப் பார்த்தது இரண்டே முறை.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களில் காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் தெளிந்த வானத்தின்கீழ் திடீரென்று பேரலை ஏறும். தொலைதூரத் தென் இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை அது. இங்குள்ளவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கிளம்புமுன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அலைத்தடுப்புச் சுவர்மீதும் பாறைமீதும் ஏறாதீர்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும் நான்கு கால் கான்கிரீட் கற்கள்மேல் நடக்க வேண்டாம். பாசி பிடித்த இடுக்கில் கால் போனால் யாரும் பார்க்காமலே போகலாம்.

நோட்டில் என்ன எழுதுவது

தேதி, நேரம், இடம், காற்று, பறவை, எண்ணிக்கை. இவற்றோடு எல்லோரும் விடும் ஒரு கட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: படகு. எத்தனை படகு நிற்கிறது, மீன் இறங்குகிறதா, கழிவு எங்கே போகிறது. இரண்டு கோடைக்குப் பிறகு என் பழைய நோட்டுகளைப் புரட்டியபோது, பருந்து எண்ணிக்கை ஏன் ஏறி இறங்கியது என்பதற்கு அந்தக் கட்டத்தில்தான் பதில் இருந்தது.

கூட்டத்தை எண்ணும்போது ஒவ்வொன்றாக எண்ணாதீர்கள். பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, அந்த அளவை வரிசை நெடுகக் குத்திக்கொண்டே போங்கள். தெரியாத பறவைக்குப் பெயர் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அலகு, கால், வால், என்ன செய்தது என்று எழுதி ஒரு கேள்விக்குறி போடுங்கள். பெயரிட்ட பிறகு, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவேற்றலாம். மே மாதம் உலகெங்கும் ஒரே நாளில் பறவைகளைக் கணக்கெடுக்கும் நாள் ஒன்று வரும்; குளிர்காலத்தில் மட்டும் கணக்கெடுக்கப்படும் துறைமுகங்களுக்கு அன்று உங்கள் பட்டியல் பயன்படும்.

கரையில் ஒதுங்கிய பறவை

ஜூன், ஜூலையில் பெருங்காற்றுக்கு மறுநாள், கரும்பழுப்பு நிற ஆலா இனங்களோ வேறு கடற்பறவைகளோ பறக்கத் தெம்பில்லாமல் மணலில் உட்கார்ந்திருப்பதுண்டு. மறுபடி கடலுக்குள் எறியாதீர்கள். அது கடலிலிருந்துதான் தப்பி வந்திருக்கிறது. வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். முதலில் நாய்களையும் காகங்களையும் விரட்டுங்கள். ஒரு துண்டைப் பறவையின் தலைமேல் போட்டு, அலகு உங்கள் முகத்துக்கு நேராக வராதபடி, இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்துத் தூக்குங்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து வைத்து மூடி, நிழலில் சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். மீன் ஐஸ் வைத்த பெட்டி வேண்டாம், ஈரம் ஆகாது. உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். மாவட்ட அலுவலகம் நாகர்கோவிலில் இருக்கிறது. அவர்கள் வரும்வரை பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியிருந்தால், நோட்டில் வரைந்து காட்டுங்கள்.